டாக்டர் ஃபைலும் டாக்டர் நடத்தையும்: குமரி மாவட்ட ஆஸ்பத்திரிகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையில் சில தனியார் ஆஸ்பத்திரிகளில் 19 வருடம் அலுவலக வேலை பார்த்தேன். டாக்டர்கள் சேரும்போது அவர்களுடைய ஃபைலைத் திறப்பதும், அவர்கள் மீது புகார் வந்தால் அதை எழுதி எடுப்பதும் என் பொறுப்பு. இப்போதும் போன் வருகிறது. புதிதாகச் சேர்ந்த எச்.ஆர். பிள்ளைகள், நர்சிங் சூப்பரின்டென்டுகள், சில நேரம் டாக்டர்களே கூப்பிட்டு அதே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன்.

"கிரெடென்ஷியலிங்ன்னா என்ன? டாக்டர்கிட்ட சர்டிபிகேட் ஜெராக்ஸ் வாங்கி வைக்கதுதானே?"

ஜெராக்ஸ் வாங்குவது முதல் நாள் வேலை. அந்த ஜெராக்ஸில் இருப்பது உண்மையா என்று, அதைக் கொடுத்த இடத்திலேயே கேட்டு உறுதி செய்வதுதான் கிரெடென்ஷியலிங். தகுதிச் சரிபார்ப்பு என்று தமிழில் சொல்லலாம். படிப்பு, மருத்துவ கவுன்சில் பதிவு, அனுபவம், முன்பு வேலை செய்த இடத்தில் நடந்துகொண்ட விதம் என்று நான்கும் இதில் வரும்.

இதோடு சேர்ந்து வருவது பிரிவிலெஜிங். இன்ன டாக்டர் இந்த ஆஸ்பத்திரியில் என்னென்ன சிகிச்சை செய்யலாம் என்று எழுதிக் கொடுப்பது அது. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. ஆள் யார் என்பது முதல் கேள்வி. அவர் இங்கே என்ன செய்யலாம் என்பது அடுத்த கேள்வி.

"எங்க ஆஸ்பத்திரியில மொத்தமே எட்டு டாக்டர்தான். எல்லாரும் தெரிஞ்ச ஆளு. எங்களுக்கு இது என்னத்துக்கு?"

இரவு 11 மணிக்கு நெஞ்சுவலியோடு ஆட்டோவில் வந்து இறங்குகிறவர் டியூட்டி டாக்டர் யார் என்று விசாரித்துவிட்டு வருவதில்லை. வாசலில் இருக்கும் ஆஸ்பத்திரி பெயரை நம்பி வருகிறார். நெய்யூரில் 1838-லேயே மிஷன் மருத்துவப் பணி தொடங்கிய மாவட்டம் இது. ஆஸ்பத்திரி என்றால் உள்ளே இருப்பவர் சரியான டாக்டராகத்தான் இருப்பார் என்று தலைமுறை தலைமுறையாக நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்குப் பொறுப்பு நாம்தான்.

சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. அவ்வப்போது வந்து போகும் டாக்டர் செய்த தவறுக்கும் ஆஸ்பத்திரி பதில் சொல்ல வேண்டும் என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. பதிவு இல்லாதவர் மருத்துவம் பார்த்தால், தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019-இன்படி ஒரு வருடம் வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆஸ்பத்திரிகளுக்கான என்.ஏ.பி.எச். தரச்சான்று கொடுக்கப் பார்வையிட வருகிறவர்களும் இந்த ஃபைலை எடுத்துப் பார்ப்பார்கள். தெரிந்த ஆள் என்பதற்கு ஃபைலில் தனியாகத் தாள் கிடையாது.

"ஃபைல்ல என்னென்ன இருக்கணும்?"

எம்.பி.பி.எஸ். பட்டம், மேற்படிப்பு இருந்தால் அந்தப் பட்டம், தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் பதிவுச் சான்று, போட்டோ அடையாள அட்டை. மேற்படிப்பைக் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்திருக்கிறாரா என்று பாருங்கள். எம்.டி. முடித்து ஐந்தாறு வருடம் ஆகியும் அதைப் பதிவு செய்யாமலே இருக்கிற டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன். மோசடி ஒன்றும் இல்லை, மறந்துவிட்டிருப்பார்கள். ஆனால் வழக்கு வந்தால் அந்த மறதியில்தான் எதிர்த்தரப்பு வக்கீல் பிடிப்பார்.

அப்புறம் முன்பு வேலை செய்த இடங்களின் அனுபவச் சான்று, அவரோடு வேலை செய்த இரண்டு டாக்டர்களின் கருத்து, தொழில் காப்பீட்டு பாலிசி, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி விவரம், உயிர்காப்புப் பயிற்சிச் சான்று. டாக்டர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் 5 வருடத்துக்கு 30 மணி நேரம் தொடர்கல்வி கேட்கின்றன. அதற்கான சான்றுகளும் வேண்டும். வேலை வரலாற்றில் இடைவெளி இருந்தால் என்ன காரணம் என்று அவர் கையெழுத்திலேயே ஒரு வரி வாங்குங்கள். பிரசவம், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, நீட் பிஜி-க்குப் படித்தேன் என்று பெரும்பாலும் சாதாரணக் காரணம்தான் இருக்கும். கேட்டு எழுதி வைத்துவிட்டால் போதும்.

"ஒரிஜினலை நானே கண்ணால பாத்துட்டேன். அதுக்கு மேலயும் எழுதிக் கேக்கணுமா?"

கேட்க வேண்டும். ஒரிஜினல் மாதிரியே அச்சடிக்க இப்போது பெரிய செலவு ஆவதில்லை. பதிவு எண்ணைக் கவுன்சில் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். பெயர் வருகிறது என்றவுடன் மூடிவிடாமல், படித்த கல்லூரி, தேர்ச்சி ஆண்டு எல்லாம் கையில் இருக்கும் சான்றோடு பொருந்துகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வேறொருவருடைய எண்ணைத் தன் எண்ணாகக் காட்டுவதுதான் ஏமாற்றுகிறவர்கள் செய்யும் சுலபமான வேலை. தமிழ்நாட்டுப் பட்டம் என்றால் கிண்டியில் உள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு எழுதலாம். பதில் வரக் கொஞ்சம் நாளாகும். வரும் வரை ஆபரேஷன் தியேட்டரில் (ஓ.டி.) அவரைத் தனியாக விடாதீர்கள்.

அனுபவச் சான்றில் இன்னும் கவனம் வேண்டும். ஒருமுறை அழகான லெட்டர்ஹெட்டில் ஒரு சான்று வந்தது. கீழே இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் "ஆமா சார், ரொம்ப நல்ல டாக்டர்" என்றார். பின்னால் ஒரு பெட்டிக்கடை மணிச் சத்தமும் "ரெண்டு சாயா" என்ற குரலும் கேட்டது. அந்த ஆஸ்பத்திரியின் எண்ணை வேறு வழியில் தேடிப் பிடித்துக் கேட்டபோது, அப்படி ஒருவர் அங்கே வேலையே செய்ததில்லை என்றார்கள். அன்றிலிருந்து சான்றில் இருக்கும் எண்ணுக்கு நான் போன் செய்வதே இல்லை.

"ஒரு சர்டிபிகேட்ல ஒரு பேரு, இன்னொண்ணுல வேற மாதிரி. இது கள்ள சர்டிபிகேட்டா?"

அவசரப்பட்டுச் சந்தேகப்படாதீர்கள். நம் மாவட்டத்தில் இது தினமும் நடப்பதுதான். பள்ளிச் சான்றில் முன்னெழுத்து முன்னால் இருக்கும். கேரளாவில் படித்திருந்தால் அதே எழுத்து பெயருக்குப் பின்னால் போயிருக்கும். ஞானஸ்நானப் பெயர் ஒரு சான்றிலும் வீட்டுப் பெயர் இன்னொன்றிலும் இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்ட பெண் டாக்டர்களும் உண்டு. பிறந்த தேதி, அப்பா பெயர், கல்லூரிப் பதிவு எண் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பெயரை முறைப்படி மாற்றியிருந்தால் அரசிதழ் நகல் இருக்கும். இல்லையென்றால் இரண்டும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் வாங்கி, கவுன்சில் பதிவில் இருக்கும் பெயரையே போர்டிலும் சீட்டிலும் போடச் சொல்லுங்கள்.

"திருவனந்தபுரத்துல இருந்து வாரத்துக்கு ரெண்டு நாள் வாற டாக்டர், கேரளாவுல பதிவு. பரவாயில்லையா?"

1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். எல்லை மாறினாலும் டாக்டர்களும் நோயாளிகளும் களியிக்காவிளை வழியாகப் போய் வருவது நிற்கவில்லை. கேரளப் பதிவு செல்லுபடியாகும் பதிவுதான், அதில் சந்தேகம் இல்லை. ஆனாலும் இங்கே தொடர்ந்து பார்க்கப் போகிறவரைத் தமிழ்நாடு கவுன்சிலிலும் பதிவு செய்துகொள்ளச் சொல்வது என் வழக்கம். நாளைக்கு ஒரு புகார் வந்தால் எந்த கவுன்சில் விசாரிப்பது என்று நோயாளி அங்கும் இங்கும் அலையக் கூடாது. அதோடு கேரள கவுன்சிலிடமிருந்து நன்னிலைச் சான்றும் வாங்குங்கள். அவர் மீது நடவடிக்கை ஏதும் இல்லை என்று சொல்லும் தாள் அது.

"பிலிப்பைன்ஸ், ஜார்ஜியாவுல படிச்சுட்டு வந்த பிள்ளைகளை டியூட்டி டாக்டரா போடலாமா?"

வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் 300-க்கு 150 மதிப்பெண் எடுத்து, இந்தியாவில் பயிற்சி முடித்து, கவுன்சிலில் நிரந்தரப் பதிவு பெற்றிருந்தால் அவர்கள் மற்ற எம்.பி.பி.எஸ். டாக்டர்களைப் போலத்தான். குறைத்துப் பேச வேண்டியதில்லை. அந்தப் பதிவு வரும் முன்னால் "சும்மா ராத்திரி மட்டும் இருக்கட்டும்" என்று உட்கார வைப்பதுதான் குற்றம். அந்தப் பிள்ளையின் எதிர்காலத்தையும் அது கெடுக்கும். வீட்டில் கடன் வாங்கிப் படிக்க வைத்திருப்பார்கள். ரிசல்ட் வரும் வரை பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.

"எம்.எஸ். முடிச்ச சர்ஜன். அவரு எந்த ஆபரேஷன் செய்யலாம்னு ஆஸ்பத்திரி எப்படி சொல்ல முடியும்?"

இந்தக் கேள்வியைக் கேட்காத சர்ஜன் இல்லை. கேட்பதில் நியாயமும் உண்டு. பட்டம் அவருக்கு அந்தத் துறையில் வேலை செய்யும் தகுதியைத் தருகிறது. ஆனால் குடலிறக்கம் தினமும் செய்கிறவர் கணையத்தில் எத்தனை செய்திருக்கிறார்? லேப்ராஸ்கோப்பியில் தனியாக எத்தனை, உதவிக்கு நின்றது எத்தனை? அவர் செய்யத் தெரிந்தவராகவே இருந்தாலும், ஆபரேஷனுக்குப் பிறகு பார்த்துக்கொள்ள நம்மிடம் ஐ.சி.யு.வும் ரத்தமும் ராத்திரி நர்ஸும் இருக்கிறதா? கடைசிக் கேள்வி டாக்டரைப் பற்றியதே இல்லை, நம்மைப் பற்றியது.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். துறைவாரியாகச் சிகிச்சைகளை எழுதிய ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். தனக்கு எது வேண்டும் என்று டாக்டரே டிக் செய்யட்டும். கடைசி ஒரு வருடத்தில் ஒவ்வொன்றும் எத்தனை செய்தார் என்ற எண்ணிக்கையைப் பக்கத்தில் எழுதட்டும். அதே துறை சீனியர் ஒருவரும் மருத்துவக் கண்காணிப்பாளரும் பார்த்து, தனியாகச் செய்யலாம், ஒருவர் கூட நிற்க வேண்டும், இங்கே இப்போது வேண்டாம் என்று மூன்றில் ஒன்றை எழுதுவார்கள். முதல் ஆறு மாதம் தற்காலிகம் என்று வைப்பது நல்லது. அந்தத் தாளின் ஒரு நகல் ஓ.டி. சிஸ்டர் கையில் இருக்க வேண்டும். நிர்வாக இயக்குநர் (எம்.டி.) அறை அலமாரியில் பூட்டி வைத்தால் யாருக்கும் பயன் இல்லை. ஆபரேஷன் பட்டியல் வரும்போது அந்த சிஸ்டர்தான் முதலில் பார்க்கிறார்.

சில சிகிச்சைகளில் சட்டமே இதைச் செய்துவிட்டது. ஸ்கேன் மெஷினுக்கு 1994-ஆம் ஆண்டு கருவின் பாலினத் தேர்வு தடைச் சட்டத்தின் கீழ் தனிப் பதிவு வேண்டும். அந்த இடமும் ஸ்கேன் பார்க்கும் டாக்டர் பெயரும் அதில் இருக்க வேண்டும். கருக்கலைப்புச் சட்டமும் யார், எங்கே செய்யலாம் என்று தனியாகச் சொல்கிறது. எம்.பி.பி.எஸ். இருக்கிறது, எல்லாம் செய்யலாம் என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது.

"மயக்க டாக்டர் ஒரு நாளைக்கு நாலு ஆஸ்பத்திரி போறாரு. அவருக்கும் ஃபைலா?"

அவருக்குத்தான் முதலில். தக்கலையில் காலை, குலசேகரத்தில் மதியம், நாகர்கோவிலில் ராத்திரி என்று ஓடுகிறவர்கள் இல்லாவிட்டால் நம் மாவட்டத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளில் சிசேரியனே நடக்காது. நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் மற்ற ஆஸ்பத்திரி பார்த்திருக்கும் என்று எல்லா ஆஸ்பத்திரியும் நினைத்தால் யாருமே பார்த்திருக்க மாட்டார்கள். அவரிடம் கூடுதலாக ஒன்று கேளுங்கள்: ஆபரேஷன் முடிந்து அவர் கிளம்பிய பிறகு நோயாளிக்கு மூச்சுத் திணறினால் யார் பார்ப்பது? அந்தப் பெயரைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

"ராத்திரி ரெண்டு மணிக்கு உயிருக்குப் போராடுறாங்க. அப்பவும் பிரிவிலெஜ் தாளைப் பாத்துட்டா நிக்கணும்?"

நிற்கக் கூடாது. உயிரைக் காப்பாற்ற அங்கே இருக்கும் டாக்டர் தன்னால் முடிந்ததைச் செய்யலாம், செய்யவும் வேண்டும். அவசர அனுமதி என்று ஒரு வரி உங்கள் விதியில் முன்கூட்டியே இருக்கட்டும். காலையில் என்ன நடந்தது, ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு ஏன் அனுப்ப முடியவில்லை என்பதை எழுதி வையுங்கள். ஒரே டாக்டருக்கு மாதம் நான்கு முறை இந்த அவசரம் வந்தால் அது அவசரம் இல்லை, பழக்கம். அதைத் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும்.

"டாக்டரே முதலாளி. அவரை யாரு சரிபார்க்கது?"

கணவர் சர்ஜன், மனைவி மகப்பேறு, மகன் எலும்பு முறிவு என்று குடும்பமாக நடத்தும் ஆஸ்பத்திரிகள் இங்கே நிறைய. அங்கே வேலை செய்யும் எச்.ஆர். பெண் பயத்தோடு கேட்ட கேள்வி இது. நான் பார்த்ததிலேயே நல்ல வழி ஒரு பெரியவர் காட்டியது. 70 வயதைத் தாண்டியவர். புது முறை தொடங்கிய அன்று தன் சர்டிபிகேட்டுகளை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்து, "எனக்கு முதல் ஃபைல் திறங்க" என்றார். பிரிவிலெஜ் தாளில், கை முன்போல் இல்லை என்று இரண்டு பெரிய ஆபரேஷன்களை அவரே அடித்துவிட்டார். அதற்குப் பிறகு வேறு எந்த டாக்டரும் எனக்கு ஃபைல் எதற்கு என்று கேட்கவில்லை.

எல்லா முதலாளியும் அப்படி இருக்க மாட்டார். அப்போது, அந்த ஆஸ்பத்திரியில் பங்கோ சம்பளமோ இல்லாத அதே துறை டாக்டர் ஒருவரை வெளியிலிருந்து அழைத்து வருடத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லலாம். முதலாளியின் ஆபரேஷன்களில் சிக்கல் வந்தவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். அதை மட்டும் எடுத்து வைத்துவிட்டால் அவரை அழைத்ததே வீண். இதே மறுபார்வை எல்லா டாக்டருக்கும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது வேண்டும்.

"எம்.பி.பி.எஸ். மட்டும் படிச்சவரு 'சர்க்கரை நோய் நிபுணர்'னு போர்டு வச்சிருக்காரு. தப்பா?"

தப்புதான். அந்தத் துறையில் உரிய தகுதி இல்லாமல் நிபுணர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்று 2002 நடத்தை விதிகளில் இருக்கிறது. 2023-ல் புது விதிகள் வந்து, அதே மாதத்தில் நிறுத்தி வைக்கப்பட்டன. அதனால் பழைய விதிகளே தொடர்கின்றன. சில வாரப் படிப்புச் சான்றை மறைக்க வேண்டியதில்லை. அது என்ன படிப்போ அதை அப்படியே எழுதட்டும். பதிவு எண்ணும் சீட்டு, சான்று, ரசீது எல்லாவற்றிலும் இருக்க வேண்டும்.

சித்தா, ஆயுர்வேத டாக்டர்களுக்கும் இதே நேர்மைதான். கோட்டாறு ஆயுர்வேதக் கல்லூரியும் முஞ்சிறை சித்தக் கல்லூரியும் இருக்கும் மாவட்டத்தில் அவர்களுக்கென்று தனி மதிப்பு உண்டு. எந்த முறை டாக்டர் என்பது நோயாளிக்குப் படித்தவுடன் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஹோமியோபதி படித்தவர் அலோபதி மருந்து கொடுத்து நோயாளி இறந்த வழக்கில், அதுவே அலட்சியம் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது.

"ரொம்ப கெட்டிக்கார சர்ஜன். ஆனா ஓ.டி.யில கத்துவாரு, கத்திரிக்கோலைத் தூக்கி எறிவாரு. பொறுத்துப் போகத்தானே வேணும்?"

பொறுத்துப் போனதன் விலையை நான் பார்த்திருக்கிறேன். ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், உள்ளே வைத்த துணிகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது என்று கவனித்தாள். முந்தின வாரம் இதே மாதிரி சொன்னதற்கு எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கியவள். மூன்று நிமிடம் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் இன்னொரு சிஸ்டர் சொல்லி, தையல் போடும் முன்னால் எடுத்துவிட்டார்கள். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த மூன்று நிமிடம் இன்றைக்கும் எனக்கு நெஞ்சை அடைக்கிறது. கூட இருப்பவர்களை வாய் மூட வைப்பவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்றாலும் ஆபத்தானவர்.

முதல் தடவை மருத்துவக் கண்காணிப்பாளர் தனியாக அழைத்துப் பேசட்டும். பேசிய தேதியையும் விஷயத்தையும் இரண்டு வரியில் எழுதி வைக்கட்டும். மறுபடி நடந்தால் எழுத்தில் கடிதம், எழுத்தில் பதில். அதற்கும் மேல் போனால் குழு கூடி, ஓ.டி. அனுமதியைச் சில வாரம் நிறுத்துவது வரை போகலாம். ஒவ்வொரு படியிலும் டாக்டர் தன் தரப்பைச் சொல்ல இடம் கொடுங்கள். தொடர்ந்து 36 மணி நேரம் டியூட்டி போட்டதால் வெடித்திருக்கலாம்; அப்படியென்றால் சரிசெய்ய வேண்டியது டியூட்டி பட்டியலை. புகார் சொன்ன சிஸ்டரின் வார்டை மாற்றுவது, லீவை வெட்டுவது போன்றவை நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு முறை அப்படி நடந்தால் அடுத்த பத்து வருடத்துக்கு யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

"கை வைக்காரு, ஆபாசமா பேசுறாருன்னு ஒரு பிள்ளை அழுதுட்டு சொன்னா. அதுவும் இதே வழியா?"

இல்லை. மேலே சொன்ன படிப்படியான வழி இதற்குப் பொருந்தாது. தனியாகப் பேசிச் சமாதானம் செய்து வைக்க யாருக்கும் உரிமை இல்லை. 2013-ஆம் ஆண்டு பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடைச் சட்டத்தின்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பெண் தலைமையில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார், 90 நாளில் விசாரணை. அவள் எழுத முடியாத நிலையில் இருந்தால் எழுத உதவுங்கள். ஆள் குறைவான கிளினிக் என்றால், அல்லது புகாரே முதலாளி மீது என்றால், மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. போலீசுக்குப் போவதும் அவள் உரிமை. போகாதே என்று சொல்லாதீர்கள்.

"ஸ்கேனுக்கு அனுப்பினா டாக்டருக்கு கமிஷன். எல்லாரும் வாங்குறாங்க, இதுல என்ன?"

2002 விதிகளில் தெளிவாகத் தடை செய்யப்பட்டது. தேங்காய் வெட்டியும் ரப்பர் பால் எடுத்தும் சேர்த்த பணத்தில் அந்தக் கமிஷன் போகிறது. வேறு எதுவும் எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

"டாக்டர் மேல எங்க புகார் கொடுக்கணும்? கவுன்சிலா, போலீசா, கோர்ட்டா?"

என்ன வேண்டும் என்பதைப் பொறுத்தது. டாக்டரின் தொழில் நடத்தையை விசாரிக்க வேண்டும், பதிவை நிறுத்த வேண்டும் என்றால் சென்னையில் உள்ள தமிழ்நாடு மருத்துவ கவுன்சில். இழப்பீடு வேண்டும் என்றால் நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 வருடத்துக்குள் போக வேண்டும். ஆஸ்பத்திரியின் அனுமதி, வசதி பற்றியது என்றால் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர். போலீஸ் வழக்குக்கு, சாதாரணத் தவறு போதாது, மிகப் பெரிய அலட்சியம் இருக்க வேண்டும், இன்னொரு டாக்டரின் கருத்தையும் கேட்க வேண்டும் என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் நடந்தது என்றால் கேரள கவுன்சிலுக்கு எழுதுங்கள். பதிவு பற்றி மேலே சொன்னதையும் பாருங்கள்.

எங்கே போனாலும் முதலில் மருத்துவ ஆவணங்களை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். உள்நோயாளி ஆவணங்களை 3 வருடம் வைத்திருப்பதும் விதி. ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு ஒன்று: கேட்டவுடன் கொடுத்துவிடுங்கள். இழுத்தடித்தால் எதையோ திருத்துகிறார்கள் என்றுதான் குடும்பம் நினைக்கும். அப்புறம் நீங்கள் சொல்லும் உண்மையையும் நம்ப மாட்டார்கள்.

"புகார் வந்ததும் டாக்டர் ராஜினாமா பண்ணிட்டாரு. இப்ப வேற ஆஸ்பத்திரி அவரைப் பத்திக் கேக்குது. என்ன சொல்ல?"

எனக்கு இதுதான் கடைசி வரை கஷ்டமாக இருந்த கேள்வி. பிரச்சினை போய்த் தொலைந்தது என்று நல்ல சான்று எழுதிக் கொடுத்து அனுப்புவது இங்கே வழக்கம். அந்தச் சான்றை நம்பித்தான் முப்பது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஆஸ்பத்திரி அவரைச் சேர்க்கும். நானும் அப்படி ஒன்றில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நிர்வாக இயக்குநர் சொன்னார், போட்டேன். எட்டு மாதம் கழித்து அந்த இன்னொரு ஆஸ்பத்திரியிலிருந்து நர்சிங் சூப்பரின்டென்ட் போன் செய்து, "சார், உங்களுக்கு முன்னமே தெரியுமா?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இப்போது கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது. ராஜினாமா செய்தாலும் விசாரணையை முடித்து முடிவை ஃபைலில் எழுதுங்கள். கேட்கும் ஆஸ்பத்திரிக்கு நிரூபிக்கப்பட்டதை மட்டும், தேதியோடு, எழுத்தில் சொல்லுங்கள். விசாரணை பாதியில் இருந்தால், இன்ன தேதியில் ஒரு புகார் வந்தது, விசாரணை முடியும் முன் விலகினார் என்று மட்டும் எழுதுங்கள். ஊர்ப்பேச்சைச் சேர்க்காதீர்கள். இப்படித் தகவல் தருவதற்கு ஒப்புதல் வேலையில் சேரும் அன்றே வாங்க வேண்டியது. ஃபைலில் என்ன இருக்க வேண்டும் என்று மேலே எழுதியதில் இந்தத் தாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.